ஆம்புவாஸ் கோட்டையின் கைதி

பிரான்சு தேசத்து நதிகளுள் நீளமானது லுவார். அதன் கரையில், உயர்ந்த பாறையின்மேல் அரச மாளிகையும் அதன் அடியில் குறுகிய வீதிகளுமாக விளங்குவது ஆம்புவாஸ் என்னும் சிறு நகரம். மாளிகையின் பருத்த கோபுரங்களுக்குள்ளே படிகளுக்குப் பதிலாகச் சுழன்று ஏறும் சாய்வுப் பாதை அமைந்துள்ளது. குதிரைமேல் வருபவர் இறங்காமலே உச்சிவரை செல்லலாம்.

எட்டாம் சார்லஸ் மன்னர் 1470-இல் பிறந்தது இங்கேதான். இத்தாலிவரை படை நடத்திச் சென்று மீண்ட அவர், 1498-இல் இம்மாளிகையிலேயே தாழ்ந்த வாயில்நிலையில் தலை மோதி, சில மணி நேரத்தில் உயிர்நீத்தார். போர்க்களம் விட்டுவைத்த உயிரை ஒரு நிலைக்கட்டை கொண்டுபோயிற்று! முதலாம் பிரான்சுவா மன்னரின் அழைப்பை ஏற்று 1516-இல் வந்த லியோனார்டோ டா வின்சி, அருகிலுள்ள குலோ லூசே மாளிகையில் வாழ்ந்து 1519 மே 2-இல் காலமானார். அவருடையவை எனக் கருதப்படும் எலும்புகள் கோட்டையின் சிற்றாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளன.

பயணிகளுட் பலர் இவ்வளவில் திரும்பிவிடுவர். நான் சொல்ல விரும்புவதோ மேல்தோட்டத்துக் கல்லறைகளைப் பற்றி.

1830-இல் பிரெஞ்சுப் படை அல்ஜீரியாவில் இறங்கியது. அதனை எதிர்த்து 1832 முதல் மக்களைத் திரட்டிப் போராடியவர் அமீர் அப்துல் காதிர். வீரர், அறிஞர், பக்தர். 1847 டிசம்பரில், அலெக்ஸாந்திரியாவுக்கோ ஆக்கர் நகருக்கோ தம்மை அனுப்பிவைப்பதாகத் தளபதி லாமோரிசியேர் அளித்த வாக்கை நம்பி அவர் சரணடைந்தார். மன்னரின் புதல்வரே அவ்வாக்கை உறுதி செய்தார். எனினும் கப்பல் சென்று சேர்ந்த இடம் பிரான்சின் தூலோன் துறைமுகம். இரண்டு மாதங்களில் பிரான்சில் முடியாட்சி வீழ்ந்தது. அடுத்து வந்த குடியரசும் வாக்கைக் காக்கவில்லை. 1848 நவம்பரில் அமீரும் அவரைச் சார்ந்தோரும் ஆம்புவாஸில் சிறைவைக்கப்பட்டனர். அல்ஜீரிய வெயிலில் வளர்ந்தவர்களுக்கு லுவார்க் கரையின் ஈரக்குளிர் எத்தகையதாயிருந்திருக்கும்! பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபத்தைந்து பேர் இங்கேயே மாண்டனர்.

1852 அக்டோபர் 16-இல் லூயி நெப்போலியன் தாமே நேரில் வந்து விடுதலையை அறிவித்தார். அமீர் முதலில் துருக்கிக்கும், பின்னர் தமாஸ்கஸுக்கும் சென்றார். 1860-இல் அந்நகரில் கிறிஸ்தவர்கள் வெட்டி வீழ்த்தப்பட்டபோது, அவர்களுள் ஆயிரக்கணக்கானோரைத் தம் இல்லத்திலும் தம் வீரர் காவலிலும் வைத்துக் காப்பாற்றினார். தம்மைச் சிறையிட்ட பிரான்சின் தூதரகத்தாரும் அவரிடம் அடைக்கலம் பெற்றனர். அதே பிரான்சு தன் உயரிய விருதை அவருக்கு அளித்தது. 1883-இல் அவர் தமாஸ்கஸில் மறைந்தார்.

2005-இல் அல்ஜீரியக் கலைஞர் ஒருவர் அத்தோட்டத்தில் இருபத்தைந்து நினைவுக்கற்களை நிறுவினார். அவை நிற்கும் இடத்திற்குச் சற்றுக் கீழே லுவார் ஓடுகிறது.