மணலும் திரையும்: கரிசல் வட்டாரக் கற்றலில் அறிதல் சுமை

பல்லூடகப் பாடங்களை மதிப்பிடுவோர் படம், ஒலி, அசைவு ஆகியவற்றின் மிகுதியையே முதலில் நோக்குகின்றனர். பாடத்தின் வேகம் மாணவர் கையில் இருந்ததா என்னும் வினா பின்னுக்குத் தள்ளப்படுகிறது. 2018இல் முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் இடம்பெற்ற விருதுநகர் மாவட்டத்தில், குறிப்பாக அருப்புக்கோட்டை, திருச்சுழி மானாவாரிப் பகுதியில், இவ்வினா முதன்மை பெறுகிறது.

தமிழகத் திண்ணைப் பள்ளிகளில் மாணவர் மணலில் விரலால் எழுதிக்கொண்டே உரக்கச் சொல்லிப் பயின்றனர். கை, கண், செவி மூன்றும் ஒரே எழுத்தின்மேல் நின்றன. எழுத்தை அழிப்பதும் மாணவரே. முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20) முதலிய பின்னங்களின் வாய்பாடுகள் எண்சுவடி வழியாக மனத்தில் பதிந்தன. நிலக்கணக்கோ தானியக் கணக்கோ போடுகையில் வாய்பாட்டைத் தேடும் உழைப்பு இல்லாமையால், கணக்கின் போக்கில் மனம் நிற்க முடிந்தது. ஆண்ட்ரூ பெல் சென்னையில் கையாண்டு 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்ட கல்விமுறையிலும் மணலெழுத்து உண்டு. எனினும் இதனைப் பொற்காலமாகக் கொள்ளுதல் தகாது. பிரம்படியும் சாதி விலக்கும் அத்திண்ணையின் பகுதிகளே.

ஜான் சுவெல்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. தொடக்கநிலை மாணவர் விடையை நோக்கித் துழாவும்போது செயல்நினைவு முழுவதும் அத்தேடலிலேயே செலவாகிறது. விடை கிடைத்தாலும் கற்றல் நிகழாமற் போகலாம் என்பது அவர் வாதம். விளக்கமும் படமும் வெவ்வேறிடங்களில் இருப்பின் கவனம் பிளவுபடும் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

2018ஆம் ஆண்டின் புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பட்டன. நூலில் கணக்கு, கைப்பேசியில் விளக்கம் என்னும் இவ்வமைப்பு கவனப் பிளவுக்கு இடந்தருவது. ஆயினும் காணொளியை நிறுத்தித் திரும்பக் காணலாம். 26.8.2019 அன்று தொடங்கப்பெற்ற கல்வித் தொலைக்காட்சியின் நேர ஒளிபரப்பில் அவ்வாய்ப்பில்லை. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபின், கைப்பேசி பெற்றோருடன் வேலைக்குச் சென்றுவிட்ட வீட்டில் ஒளிபரப்பே பாடமாயிற்று. கணக்கின் இரண்டாம் படியில் தடுமாறிய மாணவருக்கு நான்காம் படி வெறும் ஒலியே. மணலெழுத்தைப் போலவே திரையெழுத்தும் மறைகிறது; ஆனால் மறையும் நேரத்தை மாணவர் தீர்மானிப்பதில்லை. இக்குறையை இணையவசதிக் குறைவாக மட்டும் கணக்கிட்டது போதாது. பாட வடிவமைப்பின் குறையும் அதில் அடங்கும். ஒவ்வொரு படிக்கும் பின் சற்று இடைவெளி விடவும், முந்தைய படியைத் திரையின் ஓரத்தில் நிறுத்தவும் கூடுதல் செலவு பெரிதாக ஆகாது.

2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில், தன்னார்வலர் முன் அமர்ந்த மாணவர் இரண்டாம் படியை மறுமுறை கேட்க முடிந்தது.