காரைத் தின்ற உப்பு

வட அமெரிக்காவின் பனிப் பிரதேசங்களில் பழைய கார்கள் துருவேறி உதிர்வதற்குக் குளிரே காரணம் என்று பலரும் நம்புகிறார்கள். வேதியியல் இதை ஏற்காது. வெப்பம் குறையக் குறைய இரும்பு துருப்பிடிக்கும் வேகமும் குறையும். கார்களைத் தின்றது, பனியை உருக்கச் சாலையில் கொட்டிய உப்புதான். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 1938இல் சாலையில் உப்புத் தூவுவதைச் சோதித்துப் பார்த்தது. 1941-42 குளிர்காலத்தில் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் தூவப்பட்ட உப்பு சுமார் 5,000 டன். 1970களின் தொடக்கத்தில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடி டன். மணலும் சாம்பலும் தூவி, சக்கரத்தில் சங்கிலி கட்டி ஓட்டிய காலம் போய், குளிர்காலத்திலும் தார் தெரிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வந்துவிட்டது. கார்களின் தலைநகரான டெட்ராய்ட்டுக்கு அடியிலேயே, ஆயிரம் அடிக்கும் கீழே, பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. காரும் அதைத் தின்னும் உப்பும் ஒரே மண்ணிலிருந்து வந்தன.

உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஈரத்தையும் விடாமல் பிடித்துவைக்கும். தகடுகளை மடித்துப் பற்றவைத்த உடலே பாரம் தாங்கும் கார்கள் பரவியபோது, கதவுக்குக் கீழுள்ள உள்ளீடற்ற பகுதிகளில் உப்புச்சேறு தங்கியது. முதலில் கண்ட மருந்து, அடிப்பாகத்தில் தார்ப்பூச்சு. காலப்போக்கில் அது காய்ந்து வெடித்தது. வெடிப்புக்குள் புகுந்த உப்புநீர் வெளியேற வழியில்லாமல், பூச்சுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் இரும்பை அரித்தது. பாதுகாப்பு என்ற பெயரில் துருவுக்குக் கட்டிய மறைப்பு அது. 1959இல் டெட்ராய்ட்டில் கர்ட் ஸீபார்ட் தொடங்கிய முறை, துளையிட்டு உள்ளறைகளுக்குள்ளேயே காப்புப் பொருளைப் பீய்ச்சியது. ஆபத்து உள்ளே இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்ட முறை. ஒண்டாரியோவிலும் கியூபெக்கிலும் வேரூன்றிய, ஆண்டுதோறும் எண்ணெய் பீய்ச்சும் வழக்கம் இன்னும் எளியது. எண்ணெய் மடிப்புகளுக்குள் ஊர்ந்து செல்லும், இறுகாததால் வெடிக்காது.

உப்பு விபத்துகளைக் குறைக்கிறதே என்பார்கள். உண்மை, அதை நிறுத்தச் சொல்ல முடியாது. துத்தநாக முலாம் வந்தபின் இந்தப் பேச்சு எதற்கு என்றும் கேட்கலாம். போர்ஷே 911 அந்தப் பாதுகாப்பை 1970களின் நடுவில் பெற்றது. மற்றவை மெல்லத்தான் பின்தொடர்ந்தன. அதற்கு முந்தைய கார்களுக்கு அது பயனில்லை. முலாமிட்ட உடலுக்கு அடியிலும் எஃகு பிரேக் குழாய்கள் அரிக்கப்படுகின்றன. எண்ணெய் சொட்டும், ஆண்டுதோறும் செலவு வைக்கும் என்பதும் சரியே. ஆனால் ஓட்டை விழுந்த தகட்டை வெட்டி ஒட்டும் செலவோடு அதை ஒப்பிட வேண்டும்.

டொராண்டோவிலோ மொன்றியலிலோ பழைய கார் வைத்திருந்தால், முதல் உப்பு விழுவதற்குமுன் எண்ணெய் அடித்துவிடுங்கள். கதவடி வடிகால் துளைகள் அடைபட விடாதீர்கள். உப்பு படிந்த காரைக் கழுவாமல் வெதுவெதுப்பான கராஜில் நிறுத்தாதீர்கள். வெளிக் குளிரைவிட அங்கேதான் துரு வேகமாக ஏறும்.