கியூ.ஈ.டி.

கியூ.ஈ.டி. என்பது கணித நிரூபணத்தின் இறுதியில் இடப்படும் இலத்தீன் சுருக்கம் ஆகும். இதன் விரிவு 'குவோட் எராட் டெமான்ஸ்ட்ராண்டம்'. 'எதை நிரூபிக்க வேண்டியிருந்ததோ, அது' என்பது பொருள். கி.மு. 300 அளவில் யூக்ளிட் தம் 'எலிமெண்ட்ஸ்' நூலில் தேற்றங்களை முடித்த கிரேக்கத் தொடரே இலத்தீனில் இவ்வடிவம் பெற்றது. சமபக்க முக்கோணம் வரைதல் போன்ற செய்முறைகளை அவர் 'எதைச் செய்ய வேண்டியிருந்ததோ, அது' என்று வேறாக முடித்தார். அதன் இலத்தீன் சுருக்கம் கியூ.ஈ.எஃப். இன்றைய நூல்கள் பலவற்றில் இவற்றுக்குப் பதில் ஒரு சிறு கட்டம் மட்டுமே காணப்படும். இதழ்களில் கட்டுரை முடிவைக் காட்டிய குறியைக் கணிதத்துக்குக் கொண்டுவந்தவர் பால் ஹால்மோஸ்.

தமிழ் வழி மாணவர்கள் 'எனவே நிரூபிக்கப்பட்டது' என்று முடிப்பர். இடையில் ஒரு படி விடுபட்டிருந்தாலும் இவ்வரியை மட்டும் மறக்காமல் எழுதுவோர் உண்டு! மேலே 'நிரூபிக்க' என்று எழுதிய கூற்றுக்கே காரணங்களுடன் வந்து சேர்ந்தால்தான் இதை எழுதும் உரிமை கிடைக்கிறது.

இந்த உரிமை எவ்வளவு பெரியது என்பதற்குச் சீனிவாச ராமானுஜன் (1887–1920) வாழ்க்கை சான்று. கும்பகோணத்தில் மாணவராக இருந்தபோது அவர் கையில் கிடைத்த கார் என்பவரின் கணிதத் தொகுப்பில் ஆயிரக்கணக்கான முடிவுகள் இருந்தன. நிரூபணங்களோ மிகச் சுருக்கம். தாள் விலை அதிகம் என்பதால் ராமானுஜன் சிலேட்டில் கணக்கிட்டு, முடிவை மட்டும் நோட்டில் எழுதினார். வழி அழிந்தது, விடை நின்றது.

1913 சனவரி 16 அன்று அவர் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதிய கடிதமும் அப்படியே. வியந்துபோன ஹார்டி பிப்ரவரி 8 அன்று அனுப்பிய பதிலில் நிரூபணங்களைக் கேட்டார். அது அவநம்பிக்கை அன்று, கணிதத்தின் முறை. ஒரு எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதை ஏறத்தாழப் பிழையின்றித் தரும் சார்பு தம்மிடம் உள்ளதாக ராமானுஜன் அக்கடிதத்தில் கூறியிருந்தார். ஆராய்ந்தபோது அக்கூற்று தவறு எனத் தெரிந்தது. அதே கடிதத்தில் இருந்த வேறு முடிவுகளோ முற்றிலும் புதியவை, சரியானவை. எது எந்த வகை என்பதைப் பிரித்துக் காட்ட நிரூபணம் தவிர வேறு வழியில்லை.

ராமானுஜன் விட்டுச்சென்ற நோட்டுப் புத்தகங்களின் முடிவுகளை ஒவ்வொன்றாக நிரூபிக்கும் பணியை அமெரிக்கக் கணிதவியலாளர் புரூஸ் பெர்ன்ட் 1977இல் தொடங்கினார். அது 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. பெரும்பாலானவை சரியென்று உறுதியாயின; பிழையானவை மிகச் சிலவே.