ஓடுற திரவத்துலயும் ஒட்டிக்கும் பூஞ்சை... பிடியை முடிவு செய்யும் ஜீன்கள்!

ரெண்டு நாள் கழுவாத வாட்டர் பாட்டிலுக்குள் விரலை விட்டுப் பார்த்திருக்கிறீர்களா? வழவழன்னு ஒரு படலம் இருக்கும். அதுதான் பயோஃபிலிம். நுண்ணுயிர்கள் கூட்டமாகச் சேர்ந்து கட்டிக்கொள்ளும் வீடு. பாட்டில்னா தேய்ச்சுக் கழுவிடலாம். இதே மாதிரி ஒரு படலம், ஐ.சி.யூ நோயாளியின் ரத்தக்குழாயில் செருகிய டியூபில் வளர்ந்தால்?

அப்படி வளரும் பூஞ்சைகளில் முக்கியமானது கேண்டிடா அல்பிகன்ஸ். நம்மில் பலரின் வாயிலும் குடலிலும் சும்மா இருப்பதுதான். ஆனால், ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகள் பட்டியலின் முதல் பிரிவில் இதுவும் இருக்கிறது.

திரவம் அடிச்சுட்டுப் போகாதா?

நியாயமான கேள்வி. அதற்குத்தான் ஜீன்கள் இருக்கின்றன. ஏ.எல்.எஸ்3, ஹெச்.டபிள்யூ.பி1 போன்ற ஜீன்கள், பூஞ்சையின் மேல்பரப்பில் பசை போன்ற புரதங்களை உருவாக்குகின்றன. இவற்றை இயக்கும் ஸ்விட்ச், பி.சி.ஆர்1 என்ற ஜீன். அதை நீக்கிய பூஞ்சையை, எலியின் ரத்தக்குழாயில் பொருத்திய டியூபில் விட்டுப் பார்த்தார்கள். படலம் உருவாகவே இல்லை!

பி.சி.ஆர்1 தனி ஆள் இல்லை. படலத்தைக் கட்டும் வேலையை 6 தலைமை ஜீன்கள் சேர்ந்து நடத்துகின்றன. இவற்றின் கட்டுப்பாட்டில் சுமார் 1,000 ஜீன்கள் இருக்கின்றன என்று கிளாரிசா நோபில், அலெக்ஸாண்டர் ஜான்சன் குழுவினர் 2012-ல் கண்டறிந்தார்கள்.

ஓட்டமே உதவியாகும் விநோதம்

திரவம் ஓடினால் படலம் பலவீனமாகும்னுதானே நினைப்போம்? ஆய்வகத்தில் நடந்தது நேர் எதிர். தேங்கிய திரவத்தைவிட, ஓடும் திரவத்தில் வளர்ந்த படலம் அதிகப் பசைப்பொருளைச் சுரந்தது. பூஞ்சைக்கொல்லி மருந்தையும் அதிகமாகத் தாக்குப்பிடித்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. படலத்திலிருந்து சில செல்கள் கழன்று, ஓட்டத்தோடு பயணித்து, வேறு உறுப்புகளில் குடியேறும். இதிலும் ஜீன்களின் கை இருப்பது 2010-ல் தெரியவந்தது. என்.ஆர்.ஜி1 ஜீனைத் தூண்டினால் அதிக செல்கள் கழன்றன. யு.எம்.இ6 ஜீனைத் தூண்டினால் குறைந்தன.

நமக்கு என்ன?

இந்த ஸ்விட்சுகளை அணைக்கும் மருந்து வந்தால், படலம் உருவாவதையே தடுக்கலாம். அதுவரை கவனம்தான் மருந்து.

* உங்க வீட்டில் யாருக்காவது சென்ட்ரல் லைன் போட்டிருந்தால், கையைக் கழுவாமல் அதைத் தொடாதீர்கள்.
* காய்ச்சலோ, குளிர் நடுக்கமோ வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். டியூபை எடுக்கணும்னு அவர் சொன்னால் பயப்படாதீங்க. பூஞ்சையின் கோட்டையே அதுதானே!
* தாத்தா, பாட்டியின் பல் செட்டிலும் இதே பூஞ்சை படலம் கட்டும். ராத்திரி கழற்றி, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். வெறும் தண்ணீரில் அலசினால் அது போகாது. ஏன்னு இப்போ உங்களுக்கே தெரியும்!