ஏர் உழுத வெற்றியும் ஊர் எழுப்பிய உழைப்பும்

மூன்றாம் குலோத்துங்க சோழன் (1178–1218) மதுரையை வென்று, பாண்டியரின் முடிசூட்டு மண்டபத்தை இடித்து, அவ்விடத்தைக் கழுதை பூட்டிய ஏரால் உழுவித்ததை அவனது மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் வெற்றிகளைப் போற்றும் பகுதி, பெருமிதத்துடன் கூறுகிறது. 1216இல் அரியணை ஏறிய முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் எரித்து, அதே இழிவைச் சோழருக்குத் திருப்பிச் செய்தான். எனினும் நாட்டை மீண்டும் சோழனிடம் அளித்ததால் ‘சோணாடு வழங்கியருளிய’ என்னும் அடைமொழியையும் பெற்றான்.

பழிக்குப் பழி வாங்கிய இவ்விரு அரசுகளும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் சிதைந்தன; 1311இல் டெல்லி சுல்தானின் படைத்தலைவன் மாலிக் காபூரின் படை மதுரையைச் சூறையாடியது. பின்னர் அங்கு ஆட்சி அமைத்த மதுரை சுல்தான்களை விஜயநகர இளவரசன் குமார கம்பணன் வென்றதை அவன் தேவி கங்காதேவி ‘மதுரா விஜயம்’ என்னும் வடமொழிக் காவியமாகப் பாடினாள்.

ஆனால் அவ்வெற்றிக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னரே, மதுரையை ஆண்ட விசுவநாத நாயக்கரும் அவரது தளவாய், அதாவது படைத்தலைவர், அரியநாத முதலியாரும் உள்ளூர்த் தலைவர்களை ஒழிக்காமல், படையும் திறையும் தரும் பொறுப்புடன் நிலம் அளிக்கும் 72 பாளையங்களாக அவர்களை ஆட்சியில் இணைத்து, நாட்டுக்கு நிலைத்த நிர்வாகத்தை அமைத்தனர். மீனாட்சியம்மன் கோவிலின் ஆயிரங்கால் மண்டபமும் அரியநாதரின் பணியாகவே போற்றப்படுகிறது. பகைவனின் மண்டபத்தை இடிப்பதற்குப் படை போதுமானதாக இருந்தது. தோற்றவரையும் பங்காளியாக்கி நாட்டை நிமிர்த்துவதற்கோ பொறுமையும் தலைமுறைகளின் உழைப்பும் தேவைப்பட்டன என்பதால், மதுரை வரலாற்றில் உயர்ந்த புகழ் கட்டியெழுப்பியவர்களுக்கே உரியது.