டைசனுக்குப் பிறகு யார்?

வீட்டில் அப்பாவிடமோ அம்மம்மாவிடமோ சும்மா கேட்டுப் பாருங்கள், குத்துச்சண்டைக்காரர் ஒருத்தரின் பெயர் சொல்லச் சொல்லி. முகம்மது அலி என்று வரும். கொஞ்சம் யோசித்தால் மைக் டைசன் என்று வரும். இத்தனைக்கும் அவர்களில் அநேகம் பேர் ஒரு முழுச் சண்டையைக்கூட இருந்து பார்த்தவர்கள் இல்லை. இனி அதே கேள்வியைக் கம்பஸில் எங்கட பொடியளிடம் கேளுங்கள். திரும்பவும் அலி, டைசன்தான். 'சார்பட்டா பரம்பரை' பார்த்துவிட்டு ஒரு கிழமை கண்ணாடிக்கு முன்னால் நின்று குத்திக்கொண்டிருந்தவனுக்கும் ஒலெக்சாண்டர் உசிக் யார் என்று தெரியாது.

ஒரு விளையாட்டைப் பார்க்காத சனத்துக்கும் பெயர் தெரிகிற ஆளைத்தான் இந்தக் கட்டுரையில் வேலி தாண்டிய நட்சத்திரம் என்கிறேன். குத்துச்சண்டை அப்படியானவர்களை நூறு வருசமாகத் தந்துகொண்டிருந்தது. இப்போது ஏன் தருவதில்லை? "அந்தக் காலத்து ஆக்கள் மாதிரி இப்ப இல்லை" என்பதுதான் வழக்கமான பதில். எனக்கு அது சரியாகப் படவில்லை. வீரர்கள் குறையவில்லை. அவர்களை யார் பார்க்கலாம் என்பதுதான் மாறியிருக்கிறது.

இதை விளங்க ஜாக் ஜோன்சனிலிருந்து தொடங்க வேண்டும். 1908இல் சிட்னியில் டொமி பேர்ன்ஸை வென்று உலக ஹெவிவெயிட் சம்பியனான முதல் கறுப்பினத்தவர் அவர். அவரைத் தோற்கடிக்க, ஓய்வுபெற்றிருந்த ஜிம் ஜெஃப்ரிஸைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1910 ஜூலை 4ஆம் திகதி நெவாடா மாநிலத்தின் ரீனோவில் ஜோன்சன் அவரையும் அடித்து வீழ்த்தினார். அன்றிரவு அமெரிக்க நகரங்களில் இனக்கலவரம் வெடித்தது. கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். அந்தச் சண்டையின் படத்தைத் திரையிடக்கூடாது என்று நகரம் நகரமாகத் தடை வந்தது. 1912இல் குத்துச்சண்டைப் படங்களை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோவதையே அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் போட்டுத் தடுத்தது. ஜோன்சன் வென்றதை இனி மாற்ற முடியாது. ஆனால் அதைச் சனம் பார்ப்பதைத் தடுக்கலாம். சண்டையைவிட அதன் படத்துக்குத்தான் பலம் கூட என்று அந்தச் சட்டத்தைப் போட்டவர்களுக்கு நன்றாகவே விளங்கியிருந்தது.

படத்தைத் தடுத்தவர்களால் வானொலியைத் தடுக்க முடியவில்லை. 1938 ஜூன் 22, நியூயோர்க்கின் யாங்கி மைதானம். 1936இல் தன்னை வென்ற ஜேர்மனியரான மக்ஸ் ஷ்மெலிங்கை ஜோ லூயிஸ் இரண்டு நிமிடமும் நான்கு செக்கனும் முடிவதற்குள் வீழ்த்தினார். அமெரிக்காவில் மட்டும் சுமார் 7 கோடிப் பேர் அதை வானொலியில் கேட்டதாகக் கணிப்பு. ஹிட்லரின் ஆட்சி கொண்டாடிய ஒருவரை ஒரு கறுப்பினத்தவர் தோற்கடித்தபோது, அவரைப் பக்கத்து இருக்கையில் இருக்க விடாத வெள்ளையர்களும் வானொலிக்குப் பக்கத்திலிருந்து கைதட்டினார்கள். அந்த வானொலியைக் கேட்க யாரும் ரிக்கெற் எடுக்கவில்லை.

பிறகு தொலைக்காட்சி வந்தது. 1940களின் நடுப்பகுதியிலிருந்து வெள்ளிக்கிழமை இரவுச் சண்டைகளை அமெரிக்க வீடுகள் இலவசமாகப் பார்த்தன. செலவை ஏற்றது சவர அலகு விற்கிற ஜில்லட் கம்பனி. இதைப் பொற்காலம் என்று சொல்லிவிடவும் கூடாது. அதே காலத்தில்தான் பிராங்கி கார்போ போன்ற மாஃபியாக்காரர்கள் யார் யாரோடு மோதுவது என்பதைத் திரைக்குப் பின்னாலிருந்து தீர்மானித்தார்கள். 1962இல் எமில் கிரிஃபித் அடித்த அடியில் பெனி பரெட் நினைவிழந்து, சில நாட்களில் இறந்துபோனார். அந்தச் சண்டையும் நேரடியாகத் தொலைக்காட்சியில் போய்க்கொண்டிருந்தது.

சரி, அலி? அலியின் மிகப் பெரிய சண்டைகள் அமெரிக்காவில் இலவசமாகக் காட்டப்படவில்லை என்று நீங்கள் மறுக்கலாம். உண்மைதான். 1971 மார்ச்சில் ஜோ ஃபிரேசியரோடு மோதியபோது அமெரிக்கர்கள் தியேட்டருக்குப் போய்க் காசு கட்டித்தான் பார்த்தார்கள். ஆனால் அதற்கு முதலே அலியை எல்லோருக்கும் தெரியும். 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பொடியனாகத் தெரியும். ஏ.பி.சி. தொலைக்காட்சியில் ஹவர்ட் கோசெலோடு வாய்த்தர்க்கம் பண்ணுகிறவராகத் தெரியும். 1967இல் வியட்நாம் போருக்குப் போகமாட்டேன் என்று சொல்லிப் பட்டத்தை இழந்தவராகத் தெரியும். முதலில் இலவசமாகத் தெரியவந்தார், பிறகுதான் காசு வாங்கினார். 1978இல் லியோன் ஸ்பிங்ஸிடம் தோற்றதும், அதே வருசம் அவரை வென்று பட்டத்தைத் திரும்ப எடுத்ததும் இலவசத் தொலைக்காட்சியில்தான் போயின. 1980இல் அவர் காட்சிச் சண்டை போடச் சென்னைக்கு வந்தபோது அங்கே யாரும் அவரை அறிமுகப்படுத்தத் தேவையிருக்கவில்லை.

எனக்குப் பிடித்த உதாரணம் இன்னொருவர்: பரி மக்விகன். அயர்லாந்துக் குடியரசில், வட அயர்லாந்து எல்லையை ஒட்டிய குளோன்ஸ் என்ற சின்ன ஊர்க்காரர். கத்தோலிக்கர். புரட்டஸ்தாந்துப் பெண்ணைக் கல்யாணம் முடித்தவர். வட அயர்லாந்தில் இரண்டு பக்கமும் ஆளையாள் கொன்றுகொண்டிருந்த வருசங்கள் அவை. மக்விகன் எந்தப் பக்கத்துக் கொடியையும் பிடிக்காமல், சமாதானச் சின்னம் போட்ட கொடியோடு மேடைக்கு வந்தார். 1985 ஜூனில் லண்டனில் எயுசேபியோ பெட்ரோசாவை வென்று உலகச் சம்பியன் ஆனார். பிரித்தானியாவில் பி.பி.சி.யில் அதைப் பார்த்தவர்கள் 2 கோடிக்குக் கிட்ட. எந்தத் தெருவுக்குள் யார் போகலாம் என்று கணக்குப் பார்த்த பெல்பாஸ்ட்டில் இரண்டு பக்கத்து வீடுகளிலும் ஒரே சனல் ஓடியது. இது எவ்வளவு பெரிய விசயம் என்று எங்கட நாட்டு வாசகர்களுக்குத் தனியாக விளக்கத் தேவையில்லை.

அந்தக் கதவு படிப்படியாகத்தான் மூடியது. 1982 நவம்பரில் சி.பி.எஸ். நேரடியாகக் காட்டிய சண்டையில் தென்கொரியாவின் கிம் டுக்-கூ, ரே மன்சினியிடம் அடிவாங்கிச் சில நாட்களில் இறந்தார். அதன்பிறகு உலகப் பட்டச் சண்டைகள் 15 சுற்றிலிருந்து 12 ஆகக் குறைந்தன. இலவசத் தொலைக்காட்சிகளும் மெல்ல மெல்ல விலகத் தொடங்கின. அந்த இடத்துக்கு எச்.பி.ஓ. போன்ற கட்டணச் சனல்கள் வந்தன. டைசன் இரண்டு காலத்துக்கும் நடுவில் நின்றவர். 1985, 1986 என்ற இரண்டே வருசத்தில் 28 சண்டை போட்டு, 20 வயதில் சம்பியனானார். அதில் சில இலவசமாகவும் காட்டப்பட்டன. 1987இல் அவர் பெயரில் நின்டெண்டோ வீடியோ கேமே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு 'பே பெர் வியூ' வந்தது, ஒவ்வொரு சண்டைக்கும் தனித்தனியாகக் காசு. 2015இல் ஃபிளொய்ட் மேவெதரும் மனி பக்கியாவோவும் மோதிய சண்டையை அமெரிக்காவில் 46 இலட்சம் வீடுகள் வாங்கின. விலை கிட்டத்தட்ட 100 டொலர். வருமானத்தில் பெரிய சாதனைதான். ஆனால் இந்த எண்ணிக்கையை மக்விகனின் 2 கோடியோடு வைத்துப் பாருங்கள். மொத்தச் சனத்தொகையில் பிரித்தானியா அமெரிக்காவின் கால்வாசியும் இல்லை.

வருமானம் இப்படி வரத் தொடங்கியதும் சண்டையின் குணமே மாறியது. காசு கொடுப்பவர்கள் 'தோற்காதவர்' என்ற பெயருக்குத்தான் அதிகம் கொடுப்பார்கள். ஆகவே தோல்வி இல்லாத கணக்கைக் கட்டிக் காக்க வேண்டும். கட்டிக் காப்பதற்குக் குறைவாகச் சண்டை போட வேண்டும், ஆபத்தான ஆளைத் தள்ளிப்போட வேண்டும். மேவெதர், பக்கியாவோ சண்டைக்கான பேச்சு 2009இலேயே தொடங்கிவிட்டது. மேடைக்கு வந்தபோது ஒருவருக்கு 38 வயது, மற்றவருக்கு 36. அலி அப்படி ஒளித்துவைக்கப்பட்டவர் இல்லை. ஃபிரேசியரிடம் தோற்றார், கென் நோர்ட்டனிடம் தோற்றார், திரும்ப வந்து இருவரையும் வென்றார். எழும்பி வந்ததால்தான் அது கதையானது.

பட்டங்களும் பெருகிவிட்டன. முந்தி 8 எடைப்பிரிவு, இப்போது ஆண்களுக்கு 17. ஒவ்வொன்றிலும் டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. என்று நான்கு அமைப்புகளின் நான்கு பட்டம். யார் உலகச் சம்பியன் என்று கேட்டால் ஒரு பெயரில் பதில் சொல்ல முடியாத விளையாட்டை வெளியாள் எப்படிப் பின்தொடர்வது?

இப்போது உசிக்கிடம் வருவோம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம். 2022இல் ரஷ்யா படையெடுத்தபோது உக்ரைனின் உள்ளூர்ப் பாதுகாப்புப் படையில் சேர்ந்தார். அதே வருசம் அந்தோனி ஜோஷுவாவை இரண்டாவது தரமும் வென்றார். 2024 மே மாதம் ரியாதில் டைசன் ஃபியூரியை வென்று நான்கு பட்டங்களையும் ஒன்றாக்கினார். 1999இல் லெனக்ஸ் லூயிஸுக்குப் பிறகு, மறுபேச்சில்லாத ஒரே ஹெவிவெயிட் சம்பியன் அவர்தான். சில கிழமைகளிலேயே ஐ.பி.எஃப். பட்டத்தை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. ஒலிம்பிக், போர், நாடு, முடி. அலியின் கதையில் இருந்தது எல்லாம் இவரிடமும் இருக்கிறது. ஆனால் அந்தச் சண்டையைப் பெரும்பாலான நாடுகளில் காசு கட்டியவர்தான் பார்க்கலாம்.

இதற்கு எதிர் உதாரணம் பக்கியாவோவே. அமெரிக்காவில் தனிக் காசு கட்டிப் பார்க்க வேண்டியிருந்த அவருடைய சண்டைகள் பிலிப்பைன்ஸில் கொஞ்ச நேரம் பிந்தியாவது இலவசத் தொலைக்காட்சியில் போயின. அங்கே அவர் வேலியை மட்டுமா தாண்டினார்? 2016இல் செனட்டராகவும் தெரிவானார்.

2024 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸ் 58 வயது டைசனையும் 27 வயது யூரியூப்காரர் ஜேக் போலையும் மேடையேற்றியது. 6 கோடி வீடுகள் பார்த்ததாக நெட்ஃபிளிக்ஸ் சொன்னது. முந்தி குத்துச்சண்டை ஒருவரைப் பிரபலமாக்கியது. இங்கே பிரபலமான ஒருவர் குத்துச்சண்டைக்குள் வந்தார். சண்டை சப்பென்று போனது. ஆனால் அதற்கு முதல் அதே மேடையில் கேட்டி டெய்லரும் அமண்டா செரானோவும் மோதினார்கள். புருவத்துக்கு மேல் வெட்டுப்பட்டு இரத்தம் வழிய வழியச் செரானோ பத்துச் சுற்றும் நின்றார். டெய்லர் மயிரிழையில் வென்றார், அந்தத் தீர்ப்பைப் பற்றி இன்றும் சண்டை பிடிக்கிறார்கள். டைசனைப் பார்க்க வந்த கோடிக்கணக்கான ஆக்கள், பெயரே தெரியாத இரண்டு பெண்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். திரை கொஞ்சம் அகலத் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

நெட்ஃபிளிக்ஸும் இலவசம் இல்லைத்தான். மாதச் சந்தா கட்டாத வீடு வெளியேதான் நிற்கிறது. என்றாலும் ஒரு சண்டைக்கு 100 டொலர் என்பதிலிருந்து அது பெரிய தூரம். ஜோன்சனின் படத்தை மறித்த சட்டத்தை 1940இல் நீக்கிவிட்டார்கள். விலையை நீக்க யாரும் வாக்கெடுப்பு வைக்கப்போவதில்லை. அதுவரைக்கும் அடுத்த தலைமுறையிடம் கேட்டாலும் அலி, டைசன் என்றுதான் பதில் வரும்.