பெரிய எழுத்து, சின்ன எழுத்து: ஒரு தாமதத்தின் வரலாறு

பத்து லட்சம் வாடிக்கையாளர் பெயர்கள் உள்ள ஒரு மென்பொருள். பெயரைப் பதிவில் இருக்கிறபடியே தட்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் விடை வருகிறது. 'பெரிய எழுத்தோ சின்ன எழுத்தோ, எப்படி இருந்தாலும் தேடிக்கொடு' என்று கேட்டால் அதே மென்பொருள் திணறுகிறது. கவுண்டரில் நிற்பவர் பொறுமை இழக்கிறார், உள்ளே இருப்பவர் கம்ப்யூட்டர் பழசு என்று திட்டுகிறார். ஆனால் குற்றவாளி கம்ப்யூட்டர் அல்ல. இந்தக் கதை கம்ப்யூட்டருக்கு ரொம்ப முன்னால், ஐரோப்பிய அச்சுக்கூடங்களில் ஆரம்பிக்கிறது.

அங்கே ஈய எழுத்துகளை அறை அறையாகப் பிரித்த மரத்தட்டுகளில் போட்டு வைப்பார்கள். மேல் தட்டில் பெரிய எழுத்துகள், கீழ்த் தட்டில் சின்ன எழுத்துகள். ஆங்கிலத்தில் 'அப்பர் கேஸ்', 'லோயர் கேஸ்' என்ற பெயர்கள் வந்தது இதனால்தான். (தமிழுக்கு இந்தத் தொல்லையே இல்லை. நம் எழுத்தில் பெரியது சின்னது கிடையாது!)

தந்தி வந்தபோது இந்த வேறுபாடு காணாமல் போனது. மோர்ஸ் குறியீட்டில் ஒரு எழுத்துக்கு ஒரே குறிதான். தொடக்ககாலக் கம்ப்யூட்டர்கள் பலவும் பெரிய எழுத்துகளோடு மட்டுமே காலம் தள்ளின. 1963-ல் அமெரிக்காவில் வெளியான ஆஸ்கி தர அட்டவணையில்கூட சின்ன எழுத்துகள் இல்லை. 1967-ல் திருத்தியபோதுதான் அவை சேர்ந்தன. பெரிய 'ஏ'வுக்கு எண் 65, சின்ன 'ஏ'வுக்கு 97. 26 எழுத்துகளுக்கும் இதே 32 வித்தியாசம்தான். படிக்கிற மனிதனுக்கு அவை ஒரே எழுத்து. கம்ப்யூட்டருக்கோ இரண்டு வேறு எண்கள்.

அடுத்த திருப்பம் 1970. ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட், தகவல்களை அட்டவணைகளாக வைக்கும் 'ரிலேஷனல்' முறையை அந்த ஆண்டு முன்வைத்தார். அதே ஆண்டு போயிங் நிறுவன ஆய்வகத்தில் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் 'பி-ட்ரீ' என்ற அமைப்பை விவரித்தார்கள். 1972-ல் அது ஆய்விதழில் வெளியானது. இன்றுவரை தரவுத்தளங்களின் முதுகெலும்பு அதுதான்.

பேரேட்டின் முன்பக்கத்தில் கணக்குப் பெயர்களை அகரவரிசையில் எழுதி, பக்க எண் போட்டிருப்பார்கள் அல்லவா? பி-ட்ரீ இன்டெக்ஸ் செய்வதும் அதே வேலைதான். ஒவ்வொரு படியிலும் 100 கிளைகள் என்றால் 3 படிகளில் 10 லட்சம் பெயர்களில் ஒன்றை எட்டிவிடலாம். ஒரே ஒரு நிபந்தனை: எல்லாம் வரிசையில் இருக்க வேண்டும்.

சிக்கலே இங்கேதான். 'குமார்' என்பதற்கு ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து. ஒவ்வொன்றும் பெரியதாகவோ சின்னதாகவோ இருக்கலாம் என்றால் மொத்தம் 32 விதம். ஆஸ்கி வரிசையில் அந்த 32-ம் ஒரே இடத்தில் இருக்காது, சிதறிக் கிடக்கும். அதனால் புரோகிராமர் 'எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தாக மாற்றி ஒப்பிடு' என்று எழுதுகிறார். இன்டெக்ஸில் இருப்பதோ மாற்றாத பெயர்கள். அதன் வரிசை இந்தக் கேள்விக்கு உதவாது. வேறு வழியில்லாமல் தரவுத்தளம் 10 லட்சம் பெயர்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, மாற்றி, ஒப்பிட்டுப் பார்க்கிறது. 3 படி வேலை 10 லட்சம் வேலையாகிவிட்டது!

மருந்தும் கிடைத்தது. 1999-ல் வந்த ஆரக்கிள் 8ஐ, மாற்றிய பெயர்களுக்கே இன்டெக்ஸ் போடும் வசதியைத் தந்தது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லிலும் இப்படிச் செய்யலாம். மைஎஸ்க்யூஎல் வேறு வழியில் போனது. பெரிய, சின்ன எழுத்துகளைச் சமமாகப் பார்க்கும் வரிசை முறையையே இயல்பாக வைத்துக்கொண்டது. எப்படிச் செய்தாலும் செலவு மறைவதில்லை. தேடும்போது கட்டியதை, பெயரைப் பதியும்போதே கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிவிடுகிறோம், அவ்வளவுதான். ஒருமுறை பதிந்து நூறுமுறை தேடும் இடத்தில் அது லாபம்.

இதோடு கதை முடிந்ததா? இல்லை. 'எது எதற்குச் சமம்' என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. 1928-ல் துருக்கி லத்தீன் எழுத்துக்கு மாறியபோது புள்ளி வைத்த 'ஐ', புள்ளியில்லாத 'ஐ' என இரண்டு தனி எழுத்துகள் வந்தன. இரண்டுக்கும் தனித்தனியே பெரிய, சின்ன வடிவங்கள். ஆங்கில விதிப்படி பெரிய எழுத்தாக மாற்றினால் இரண்டு சின்ன 'ஐ'யும் ஒன்றாகிவிடும்.

இதெல்லாம் மொழி ஆர்வலர்களின் கவலை என்று ஒதுக்க முடியாது. 2019 டிசம்பரில் ஜாங்கோ என்ற பிரபல இணைய மென்பொருள் கட்டமைப்பு ஓர் அவசரத் திருத்தம் வெளியிட்டது. கடவுச்சொல் மறந்தவரின் மின்னஞ்சலை அது பெரிய, சின்ன எழுத்து பார்க்காமல் தேடியது. மாற்றும்போது சமமாகிவிடும் வேறொரு யூனிகோட் எழுத்தை வைத்து ஒருவன் முகவரி தயாரித்தால், அடுத்தவர் கணக்கைத் திறக்கும் கடிதம் அவனுக்கே போய்ச்சேரும் நிலை. தட்டிய முகவரிக்கு அனுப்பாமல், பதிவில் உள்ள முகவரிக்கே அனுப்பும்படி திருத்தினார்கள்.

தாமதமான தேடலை ஒரு இன்டெக்ஸ் போட்டுச் சரிசெய்துவிடலாம். ஆனால் எந்த எழுத்தை எதற்குச் சமமாக எடுப்பது என்பதை அந்த இன்டெக்ஸ் தானாக முடிவு செய்வதில்லை. அதைப் போடுகிற ஆள்தான் முதலில் யோசித்திருக்க வேண்டும்.